தேர்தலைப் படிக்க பிஎச்டி: வீட்டில் பி.எஸ்.சி. (கேரள அரசு வேலைத் தேர்வு) எழுதச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

கொழிஞ்சாம்பாறைக்காரி

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 24. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் வீடு. பத்தாவது வரை தமிழ் மீடியம், பிறகு பி.ஏ. வரலாறு, இப்போது எம்.ஏ. அரசியல் அறிவியல் கடைசி செமஸ்டர். அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னை, மூன்று மாடு. எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை, ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர்தான் பூத் ஏஜெண்ட். ஓட்டுப்பதிவு முடிந்து ராத்திரி வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மொத்தம் இவ்வளவு, நம்மாளுக்கு இவ்வளவு விழுந்திருக்கும் என்று பென்சிலால் கணக்குப் போடுவார். எண்ணிக்கை அன்று பார்த்தால் பெரும்பாலும் பத்து இருபது ஓட்டுக்குள் சரியாக வரும். இது அவருக்கு எப்படித் தெரிகிறது என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆச்சரியம்.

இன்னொன்று 2025 நவம்பரில் நடந்தது. வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே நேரத்தில் தொடங்கியது இல்லையா, அப்போது பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) கொண்டுவந்து கொடுத்த படிவத்தில், முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருந்தது என்று ஒரு கட்டம். கேரளத்துக்கு அது 2002 பட்டியல். அம்மா பொள்ளாச்சிப் பக்கம், 2000இல் கல்யாணம் ஆகி இங்கே வந்தவர். 2002 பட்டியலில் எங்கள் ஊரில் அம்மா பெயர் இல்லவே இல்லை. கடைசியில் மாமாதான் அங்கே உட்கார்ந்து அந்தப் பக்கத்துப் பழைய பட்டியலைத் துழாவி, தாத்தா பெயருக்குக் கீழே அம்மா பெயரைக் கண்டுபிடித்து போட்டோ அனுப்பினார். எங்கள் தெருவில் மட்டும் இப்படி ஒன்பது பெண்கள். கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, ஆனைமலை என்று எல்லோரும் அந்தப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள். ஆண்களில் ஒருத்தருக்கும் இந்த அலைச்சல் இல்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன், படித்தால் இதைத்தான் படிக்க வேண்டும் என்று. தேர்தல், வாக்காளர் பட்டியல், தேர்தல் கமிஷன், இந்த மாதிரி. வீட்டில் சொன்னதற்கு அப்பா, "இதைப் படிக்க யூனிவர்சிட்டி எதற்கு, நாயர் டீக்கடையில் ரெண்டு நாள் உட்கார்ந்தால் போதாதா" என்றார். அம்மா ஒரே வார்த்தை, பி.எஸ்.சி. எழுது.

இதில் சோறு கிடைக்குமா? மலையாளம் பேசுவேன், ஆனால் எழுத வராது, அது தடையா? கணக்கு எனக்குப் பத்தாவதோடு போயிற்று, புள்ளியியல் இல்லாமல் முடியுமா? அப்பா கட்சிக்காரர் என்பதால் எனக்கும் முத்திரை விழுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கார்யவட்டம் பஸ்

தங்கச்சி, நான் மீனாட்சிபுரத்துக்காரன். இப்போது திருவனந்தபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் அசிஸ்டெண்ட் புரொபசர், உன் பாடம்தான். பஸ்ஸில் உட்கார்ந்து தட்டுகிறேன், பிழை இருந்தால் விட்டுவிடு.

முதலில் பணம். அதைப் பேசாமல் மற்றதைப் பேசுவது ஏமாற்று வேலை. நெட் தேர்வு, அதாவது கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுது. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அடுத்து 42,000, வீட்டு வாடகைப் படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருடம் தளர்வு உண்டு, அதனால் உனக்கு நேரம் இருக்கிறது. 2024இலிருந்து நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்டி சேர்க்கையும் நடக்கிறது, அதனால் எப்படியும் எழுதத்தான் வேண்டும். நிரந்தர வேலை கிடைத்தால் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அடிப்படைச் சம்பளம் 57,700இல் ஆரம்பம். கேட்க நன்றாக இருக்கிறதா? பிஎச்டி முடித்ததற்கும் அந்த 57,700க்கும் நடுவில் நான் ஆறு வருடம் கெஸ்ட் லெக்சரராக ஓட்டினேன். மணிக்கணக்கில் கூலி, ஏப்ரல் மே மாதம் பூஜ்யம். ஒரு எய்டட் (அரசு உதவி பெறும் தனியார்) கல்லூரியில் நேர்காணல் நன்றாகப் போனது, மறுநாள் ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நிலம் எத்தனை ஏக்கர் என்று விசாரித்துவிட்டுப் போனார். எதற்கு என்று உனக்குப் புரியும். நாங்கள் கொடுக்கவில்லை, வேலையும் வரவில்லை.

அப்புறம் ஒரு வேடிக்கை. கேரளத்தில் அரசுக் கல்லூரி ஆசிரியர் வேலைக்குத் தேர்வு நடத்துவதும் பி.எஸ்.சி.தான். அதனால் உன் அம்மா சொல்வதும் நீ சொல்வதும் கடைசியில் ஒரே வாசலில் போய் நிற்கலாம், அதை வீட்டில் சொல்லிப் பார்.

சரி, படிப்பு. அடுத்த தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று சொல்வது இந்தப் படிப்பு இல்லை, அதற்கு உன் அப்பாவின் நாயர் டீக்கடையே போதும். ஓட்டுப் போடும் முறை எப்படி வந்தது, அதை யார் நடத்துகிறார்கள், அந்த ஆளுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது, விதி மாறினால் யாருக்கு லாபம், இதெல்லாம்தான். உன் ஊரைச் சுற்றியே எவ்வளவு கிடக்கிறது பார். டி.என். சேஷன் பாலக்காடு திருநெல்லாயில் பிறந்த ஆள், நம் விக்டோரியா கல்லூரியில் படித்தவர். 1990 கடைசியில் தலைமைத் தேர்தல் ஆணையராக வந்து ஆறு வருடம் கட்சிகளைத் தூங்கவிடவில்லை. சட்டம் ஏற்கெனவே இருந்ததுதான், பெரும்பகுதி அவர் புதிதாகக் கொண்டுவந்ததில்லை, இருந்ததை அமல்படுத்தினார் அவ்வளவே. 1993இல் மத்திய அரசு இன்னும் இரண்டு ஆணையர்களைப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது, அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், 1995இல் தோற்றார். இன்றைக்கும் மூன்று பேர் கமிஷன்தான். ஒரு நிறுவனம் ஆளால் நிற்கிறதா அமைப்பால் நிற்கிறதா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை, எங்கள் ஊர் அக்ரஹாரத்து ஆள் என்று பெருமை பேசுகிறவர்கள் பாலக்காட்டில் நிறைய, அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் கம்மி.

கல்பாத்தி ரதோற்சவத்துக்காக 2024 பாலக்காடு இடைத்தேர்தலை நவம்பர் 13இலிருந்து 20க்குத் தள்ளினார்களே, அதையும் யோசித்துப் பார். எந்தத் திருவிழாவுக்குத் தேதி மாறும், எதற்கு மாறாது, யார் கேட்டால் மாறும்? ஒரு கட்டுரைக்கு இது போதும்.

இந்தியாவிலேயே முதன்முதலில் ஓட்டு இயந்திரம் வைத்ததும் கேரளத்தில்தான், 1982, எர்ணாகுளம் மாவட்டம் பறவூர், 50 பூத்தில். சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். சட்டத்தில் இயந்திரம் என்ற வார்த்தையே இல்லை, கமிஷன் தன் இஷ்டத்துக்குக் கொண்டுவர முடியாது என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அந்த 50 பூத்திலும் மறுபடி சீட்டில் ஓட்டெடுப்பு. ஜோஸ் ஜெயித்தார். அதற்கப்புறம்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இயந்திரத்தைப் பற்றி இன்றைக்கு டீவியில் கத்துகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மலையாளம் எழுதக் கற்றுக்கொள், சாக்கு வேண்டாம். ஆறு மாத வேலை. பழைய பத்திரிகை, பஞ்சாயத்து மினிட்ஸ், கோர்ட் காகிதம் எல்லாம் அதில்தான். ஆனால் தமிழ் உன்னுடைய பலம். எருத்தேம்பதி, வடகரப்பதியில் போய் ஒரு பாட்டியோடு திண்ணையில் உட்கார்ந்து பேச என் சக ஆசிரியர்களில் யாராலும் முடியாது.

புள்ளியியல் பற்றி இன்னொருத்தர் சொல்லட்டும். ஸ்டாப் வந்துவிட்டது.

---

பாதியில் இறங்கியவன்

மேலே சார் நல்லவிதமாகச் சொல்லிவிட்டார், கெட்டவிதத்தை நான் சொல்கிறேன். நாலரை வருடம் பிஎச்டி செய்து விட்டுவிட்டேன். கைடு மாறினார், ஃபெல்லோஷிப் எட்டு மாதம் வராமல் ஒரேயடியாக வந்தது, அதற்குள் கடன். இப்போது சர்வே வேலை. தேர்தல் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் சோப்பு பற்றிக் கேட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவேன்.

ஆனால் வெளியே வந்தபிறகுதான் பாடம் புரிந்தது, அதையும் சொல்ல வேண்டும். சர்வே என்றால் தெருமுனையில் நின்று பத்து பேரைக் கேட்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒழுங்காகச் செய்கிறவர்கள் தொகுதிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, அதற்குள் பூத்களை எடுத்து, வாக்காளர் பட்டியலிலிருந்து இத்தனைக்கு ஒருத்தர் என்று பெயரைப் பிடித்து, அந்த ஆளைத்தான் தேடிப் போக வேண்டும். வீட்டில் இல்லை என்றால் பக்கத்து வீட்டு ஆளைக் கேட்டுவிட்டு வரக்கூடாது. டெல்லியில் ரஜனி கோத்தாரி 1963இல் தொடங்கிய சி.எஸ்.டி.எஸ். என்ற ஆய்வு மையம், அதன் தேர்தல் ஆய்வுப் பிரிவான லோக்நீதி, இவர்கள் இதைத்தான் வருடக்கணக்காகச் செய்கிறார்கள். யாருக்குப் போட்டீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் மாதிரி ஓட்டுச் சீட்டைக் கையில் கொடுத்து, குத்திப் பெட்டியில் போடச் சொல்லும் வழக்கம் உண்டு. எதற்கு இந்த நாடகம் என்று சிரித்திருக்கிறேன். ஒரு தடவை மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) போனேன். ஒரு அக்காவிடம் பேசும்போது யூனியன் ஆள் கதவருகே வந்து நின்றார். வாயால் ஒரு கட்சியைச் சொன்ன அக்கா, அந்த ஆள் பீடி பற்ற வைக்கத் திரும்பிய நேரத்தில் சீட்டில் வேறு ஒன்றைக் குத்தி மடித்துப் போட்டார். என் மேல் ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். நான் படித்த நாலரை வருடமும் அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடில்லை.

கணக்கு விஷயம். பயப்படும் அளவுக்கு இல்லை. ஒரு உதாரணம்: ஒரு தொகுதியில் எத்தனை கட்சி நின்றது என்று கேட்டால் பதினைந்து என்பார்கள், உண்மையில் எத்தனை கட்சி மோதியது? ஒவ்வொரு கட்சியின் பங்கையும் அதாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, அந்தத் தொகையால் 1ஐ வகு. இரண்டு கட்சிக்குப் பாதிப் பாதி என்றால் விடை 2. 45, 40, 15 சதவீதம் என்றால் 0.45ஐ 0.45ஆல் பெருக்கினால் 0.2025, அடுத்தது 0.16, அடுத்தது 0.0225, மொத்தம் 0.385, விடை 2.6. அதாவது இரண்டு பேருக்கு மேல், மூன்று பேருக்குக் கீழ் ஒரு போட்டி. லாக்ஸோ, டாகேபெரா என்ற இரண்டு பேர் 1979இல் சொன்ன வழி. பால் கணக்குப் போடத் தெரிந்தால் இது தெரியும். இதைத் தாண்டி ரிக்ரெஷன் கணக்கு, ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருள் எல்லாம் இலவசமாக யூடியூபில் கிடக்கிறது, நான் அப்படித்தான் கற்றேன்.

ஆனாலும் தங்கச்சி, கையில் ஜே.ஆர்.எஃப். இல்லாமல் சேராதே. வீட்டுக் காசில் பிஎச்டி வேண்டாம். இதை மட்டும் அண்ணன் சொன்னதாக வைத்துக்கொள்.

---

மலைமேல் டீச்சர்

நான் தேவிகுளம் பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். பிஎச்டி எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் ஏழெட்டுத் தேர்தலுக்கு பிரிசைடிங் ஆபீசராகப் போயிருக்கிறேன்.

கண்ணு, உன் அப்பா பையிலிருந்து எடுக்கும் தாளின் பெயர் 17சி. ஓட்டுப்பதிவு முடிந்ததும் நாங்கள் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு ஏஜெண்டுகளுக்கு நகல் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதில் மொத்த ஓட்டுத்தான் இருக்கும், யாருக்கு எத்தனை என்று இருக்காது. அதனால் அப்பா போடும் கணக்கு தாளிலிருந்து வருவது இல்லை, காலையிலிருந்து அவர் கையில் வைத்திருந்த பட்டியலில் யார் யார் வந்தார்கள் என்று டிக் போட்டுக்கொண்டே இருந்திருப்பார், அதோடு ஒவ்வொரு வீட்டையும் அவருக்குத் தெரியும். மாமியார் ஒரு பக்கம் மருமகள் ஒரு பக்கம் என்பது உட்பட. நல்ல ஏஜெண்ட் எல்லோருக்கும் இது உண்டு. எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் எங்களை வேண்டுமென்றே வேறு ஊர் பூத்துக்குத்தான் அனுப்புவார்கள்.

பூத் வாரியாக யாருக்கு எத்தனை என்பது படிவம் 20இல் வரும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதி வாரியாகப் போட்டிருப்பார்கள். பழையது எல்லாம் ஸ்கேன் பண்ணியது, சாய்ந்தும் மங்கியும் இருக்கும், உட்கார்ந்து கையால் தட்டச்சு பண்ண வேண்டும். அப்பாவிடம் பழைய 17சி நகல்கள் பென்சில் எழுத்தோடு இருக்கிறதா என்று முதலில் கேள். இருந்தால் அவர் சொன்ன எண்ணையும் படிவம் 20இல் வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். எப்போது தப்பினார், யாரை அவர் கணிக்கவில்லை என்பது தெரியும். என் ஊகம், புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண்களைத்தான் கணித்திருக்க மாட்டார்.

எங்கள் மலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேவிகுளத்தை விட்டுவிட்டு எல்லையில் தேர்தல் என்று யாரும் எழுத முடியாது. 1957இல் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தது செல்லாது என்று ஆகி 1958இல் இடைத்தேர்தல் வந்தது, மறுபடியும் அவரேதான் ஜெயித்தார். இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் மலை ஏறி வந்து தோட்டம் தோட்டமாகப் பாடிய தேர்தல் அது, என் அப்பா சொல்லிச் சொல்லி எனக்கே நேரில் பார்த்த மாதிரி. இந்தக் காலத்துக்கு வந்தால், 2021இல் ஜெயித்த ஏ. ராஜா தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். தனித் தொகுதியில் நிற்க அவருக்குத் தகுதி உண்டா என்று வழக்கு. 2023இல் ஹைகோர்ட் செல்லாது என்றது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிச் செல்லும் என்றது. தாத்தா பாட்டி தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு எந்தக் காலத்தில் வந்தார்கள் என்பதெல்லாம் கோர்ட்டில் வாதமாயிற்று. எங்கள் லயங்களில் அந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் பழைய பற்றுச்சீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள், நம் தாத்தா எப்போது வந்தார் என்று. உன் அம்மா கதையும் இந்தக் கதையும் ஒரே கதைதான்.

இரட்டை ஓட்டுப் பேச்சும் உண்டு, மறைக்க என்ன இருக்கிறது. 2021இல் இரண்டு மாநிலத்துக்கும் ஏப்ரல் 6 ஒரே நாள். 2024இல் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு 26. அந்த ஒரு வாரம் போடி மெட்டு பஸ்ஸில் வந்தவர் விரலை எல்லாம் எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் பெயர் இருக்கச் சட்டப்படி கூடாது. ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலோர் கள்ள ஓட்டுப் போட வந்தவர்கள் இல்லை, ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்து போடிக்கும் கம்பத்துக்கும் போக வேண்டும், போன இடத்தில் ரேஷன் கார்டு வாங்கப் பெயர் சேர்த்திருப்பார்கள், இங்கே எடுக்க மறந்திருப்பார்கள். இதைப் பொறுமையாக எழுத ஆள் வேண்டும். திட்டி எழுத நிறைய ஆள் இருக்கிறார்கள்.

---

நகரிக்காரன்

நடுவில் நுழைகிறேன். முதல் பதிவில் சித்தூர் தாலுகா என்று பார்த்து எங்கள் சித்தூர் என்று நினைத்து வந்தேன், பார்த்தால் கேரளத்துச் சித்தூர்! இருந்தாலும் வந்தது வந்தாயிற்று.

ஆந்திரப் பக்கம் நிலைமை வேறு. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கையெழுத்து தெலுங்கில். திருப்பதியில் எம்.ஏ. படித்துவிட்டு ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன், மூன்றாம் வருடம். எங்கள் தொகுதி எப்படி என்றால் 2014இல் ரோஜா 858 ஓட்டில் ஜெயித்தார். அந்த மாதிரித் தொகுதியில் எல்லைத் தமிழ் ஓட்டு எந்தப் பக்கம் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள், ஒருத்தரிடமும் பூத் கணக்கு இருக்காது.

நான் சொல்ல வந்தது ஒரு எச்சரிக்கை. எல்லைப் பகுதியில் பழைய தேர்தலோடு ஒப்பிடப் போனால் கோடு மாறியிருக்கும். திருத்தணி 1955 ஆந்திரத் தேர்தலில் இந்தப் பக்கம், 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலம், 1962 தேர்தலில் அந்தப் பக்கம். நான் முதல் வருடம் இதைக் கவனிக்காமல் சித்தூர் மாவட்டத்தில் ஓட்டுக் குறைந்துவிட்டது என்று ஒரு பக்கம் எழுதி கைடிடம் காட்டினேன், அவர் சிரித்துவிட்டு மேப்பைக் கையில் கொடுத்தார். உங்கள் பக்கம் மாநில எல்லை 1956க்கு அப்புறம் அசையவில்லை என்றாலும் தொகுதி எல்லை 2008இல் மாறியது.

முத்திரை பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. விழும். நான் பெயரைச் சொன்னதும் சாதியைக் கணக்குப் போட்டு, சாதியிலிருந்து கட்சியைக் கணக்குப் போட்டுவிடுவார்கள். என் வழி, எங்கள் மாமா நின்று தோற்ற பஞ்சாயத்தை மட்டும் தொடவில்லை.

---

கார்யவட்டம் பஸ்

நகரிக்காரர் சொன்னதோடு நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அப்பா கட்சிக்காரர் என்றால் அந்த ஊரைத் தொடாதே என்று சொல்ல மாட்டேன். முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடு, என் அப்பா இந்தக் கட்சியின் ஏஜெண்ட், எனக்கு இந்தக் கதவு திறந்தது, இந்தக் கதவு மூடியது என்று. எதிர்க்கட்சி ஏஜெண்டையும் அதே அளவு கேள். 'ஓட்டு வங்கி' என்ற சொல் இருக்கிறதே, அது மேடைப் பேச்சாளர் யாரும் கண்டுபிடித்ததில்லை. சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர் பக்கம் தன் சொந்த வட்டாரத்துக் கிராமத்தில் தங்கிப் பார்த்து 1955இல் எழுதியது. சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் அவர் ஒதுங்கியிருந்தால் அந்தச் சொல் நமக்குக் கிடைத்திருக்காது.

இன்னொன்று மறந்தேன். பஞ்சாயத்துத் தேர்தலை நடத்துவது டெல்லி கமிஷன் இல்லை, மாநிலத் தேர்தல் ஆணையம், தனிச் சட்டம், தனி வாக்காளர் பட்டியல். கேரளத்தில் தமிழ் வார்டுகளில் ஓட்டுச் சீட்டில் தமிழும் இருக்கும், நீயே பார்த்திருப்பாய். உன் தெருவின் ஒன்பது பெண்களும் அந்தப் பட்டியலில் எப்போது ஏறினார்கள், சட்டமன்றப் பட்டியலில் எப்போது ஏறினார்கள் என்று இரண்டையும் பார். எனக்கு என்னவோ பஞ்சாயத்துப் பட்டியலில் முதலில் ஏறியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. வார்டு மெம்பருக்கு ஒவ்வொரு ஓட்டும் வேண்டும், வீட்டுக்கே வந்து சேர்ப்பார்.

---

கொழிஞ்சாம்பாறைக்காரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவிடம் கேட்டேன். முதலில் எதற்கு எதற்கு என்றார், அப்புறம் பரண் மேல் இருந்த ட்ரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். 2011, 2016, 2021 மூன்றுக்கும் தாள் இருக்கிறது, மூன்றிலும் பென்சில். 2011 தாளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. பட்டியலும் இருக்கிறது, டிக் போட்டது, சில பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. மலைமேல் டீச்சர், உங்கள் ஊகம் சரியா என்று எண்ணிப் பார்த்தேன். 2016 பட்டியலில் 31 கேள்விக்குறி, அதில் 22 பெண்கள். அம்மா பெயருக்கும் கேள்விக்குறி! கல்யாணம் ஆகிப் பதினாறு வருடம் கழித்து! அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பா இன்றைக்குக் காலையில் டீக்கடைக்குப் போகவில்லை.

நெட்டுக்கு விண்ணப்பம் போடுகிறேன். பாதியில் இறங்கிய அண்ணா, ஜே.ஆர்.எஃப். இல்லாமல் சேர மாட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும். படிவம் 20 இறக்கிப் பார்த்தேன், 2016இல் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இருந்த பூத் எண்ணும் 2021இல் இருக்கும் எண்ணும் வேறாக இருக்கிறது. அது எங்கள் பூத்தா இல்லையா?

---

மலைமேல் டீச்சர்

எண்ணை நம்பாதே கண்ணு. கூட்டம் கூடினால் ஒரு பூத்தை இரண்டாகப் பிரிப்பார்கள், அதற்குக் கீழே எல்லா எண்ணும் நகர்ந்துவிடும். 2021இல் கொரோனாவுக்காக நிறைய துணை பூத்தும் போட்டார்கள். பட்டியலின் முதல் பக்கத்தில் பள்ளிக்கூடத்தின் பெயர், எந்தப் பக்கத்துக் கட்டிடம், எந்தெந்தத் தெரு என்று இருக்கும், அதை வைத்துப் பொருத்து. உங்கள் தெரு இரண்டு பூத்தில் பிரிந்திருந்தால் இரண்டையும் கூட்டிக்கொள்.

அப்புறம், அந்தக் கேள்விக்குறிப் பட்டியலை யாருக்கும் போட்டோ எடுத்து அனுப்பாதே. கைடுக்குக் கூட. பெயரை எல்லாம் எடுத்துவிட்டு எண் போட்டு ஒரு நகல் தயார் பண்ணு, அசல் ட்ரங்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். கரையானுக்குக் கொஞ்சம் வசம்பு போட்டு வை.